தனியாக லேசர் படகை இறக்கி, ஓட்டி, கரையேற்றுவது: டாலியை யார் இழுப்பது, படகை யார் பிடிப்பது?

ஸ்கார்பரோ வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற கோடையில் டொராண்டோவில் உள்ள ஒரு பாய்ப்படகுக் கழகத்தில், இருவர் சேர்ந்து ஓட்டும் படகில் அடிப்படைப் பயிற்சியை முடித்தேன். இந்த வசந்தத்தில் ஒருவரே ஓட்டும் சிறு பாய்ப்படகான லேசரில் பழையது ஒன்றை, சற்றுச் சிறிய ‘ரேடியல்’ அளவுப் பாயுடனும், படகை ஏற்றி இழுக்கும் டாலி வண்டியுடனும் சேர்த்து வாங்கியிருக்கிறேன். வீட்டில் வேறு எவருக்கும் இதில் நாட்டம் இல்லாததால், பெரும்பாலும் நான் தனியாகவே தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உடல்நலம் நன்றாக இருக்கிறது, நீந்தவும் தெரியும்.

பாயை இழுத்துப் பிடித்து ஓட்டுவதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. பயிற்சியின்போது ஒருவர் படகின் அணியத்தை (முன்முனையை) பிடித்துக்கொண்டு நிற்பார், மற்றவர் டாலியை இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் விட்டுவிட்டு வருவார். தனியாளாக இருக்கும்போது, படகு மிதக்கத் தொடங்கியதிலிருந்து நான் அதில் ஏறி உட்காரும்வரை அதை யார் பிடித்துக்கொள்வது? திரும்பி வரும்போதும் இதே சிக்கல்தான். செரி பீச் மணற்கரையிலிருந்து இறக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். கவிழ்ந்துவிட்டால் தனியாக நிமிர்த்துவதைப் பற்றியும், எந்த அளவு காற்றில் போகாமல் இருப்பது நல்லது என்பதைப் பற்றியும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

வெளித்துறைமுகத்தான் எழுதியது:

அக்காவுக்கு வணக்கம். தனியாக ஓட்டுபவர்களுக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் கரையை ஒட்டிய அந்த இருபது முப்பது அடிதான். அதைப் பற்றி முதலிலேயே கேட்டிருப்பது நல்லது. நீங்கள் வாங்கியிருக்கும் படகு இதற்கென்றே பிறந்தது. ஒட்டாவாவில் பிறந்த புரூஸ் கிர்பி வரைந்து, 1971 முதல் விற்பனைக்கு வந்த கனடியப் படகு அது. நீளம் 4.23 மீட்டர், வெற்று உடலின் எடை ஏறத்தாழ 59 கிலோ. சரியான டாலியில் எடை சமநிலையாக அமர்ந்திருந்தால், கெட்டியான மணலில் ஒருவரே இழுத்துச் செல்லலாம். மென்மணலில் சக்கரம் புதையும் என்பதால் டயர் அகலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கரையைப் பொறுத்துக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதுதான் முழுவதையும் தீர்மானிக்கிறது. ஆகவே பாயைத் தொடுவதற்கு முன்பே தண்ணீரின் விளிம்பில் போய் நின்று சிறிது நேரம் பாருங்கள். செரி பீச்சில் ஏரி தெற்கே இருக்கிறது. வடக்குக் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். தெற்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் கரையை நோக்கித் தள்ளும். கிழக்கு, மேற்குக் காற்றுகள் கரையோரமாக ஓடும். இந்த மூன்றில் கடைசி வகைதான் பழகுவதற்கு ஏற்றது, ஏனென்றால் போகும்போதும் வரும்போதும் காற்று படகின் பக்கவாட்டில் இருக்கும். முதல் சில வாரங்களுக்கு அப்படிப்பட்ட நாட்களையே தேர்ந்தெடுங்கள்.

கரையிலேயே முடித்துவிட வேண்டிய வேலைகள் சில உண்டு. பின்பக்கத்து வடிகால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பாய்மரத்தின் அடிப்பகுதியைத் தளத்தோடு ஒரு சிறு கயிற்றால் கட்டிவிடுங்கள். அது இல்லாமல் படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் மரம் குழியிலிருந்து நழுவிக் கழன்றுவிடும், தண்ணீரில் இருந்தபடி ஒருவரால் அதைத் திரும்பப் பொருத்துவது பெரும்பாடு. படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் டாகர்போர்ட் பலகையை ரப்பர் கயிற்றால் முன்பக்கத்தோடு இணைத்துவிட வேண்டும், ஏனென்றால் கவிழ்ந்த படகை நிமிர்த்த அந்தப் பலகைதான் உங்களுக்கு நெம்புகோல். சுக்கான் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம் கட்டையைக் கீழே இழுக்கும் வாங் கயிறு தளர்வாகவும், பாயை இழுத்துத் தளர்த்தும் மெயின்ஷீட் கயிறு எங்கும் சிக்காமல் தாராளமாகவும் இருந்தால், பாய் கொடிபோல் படபடக்குமே தவிர படகை எங்கும் இழுத்துச் செல்லாது. தண்ணீரை அடையும்வரை பாயை இழுத்துப் பூட்டவே கூடாது.

இனி, படகை யார் பிடிப்பது என்ற கேள்வி. அணியத்தில் ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள, மிதக்கும் கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். அந்தக் கயிறுதான் உங்கள் இரண்டாவது ஆள். கரையோரக் காற்றென்றால், தொடையளவு தண்ணீர்வரை டாலியைத் தள்ளிச் சென்று, அணியத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பி, படகை மிதக்கவிட்டு, ஒரு கையில் அந்தக் கயிற்றையும் மறுகையில் டாலியையும் பிடித்தபடி கரையை நோக்கி நடக்கலாம். சுக்கான் இலை மேலே தூக்கியும் டாகர்போர்ட் தளத்தின் மேல் படுத்தும் இருந்தால், படகு முழங்காலளவு தண்ணீரிலும் தரை தட்டாமல் உங்கள் பின்னால் வரும். கயிறு எட்டாத தூரத்தில் டாலியை வைக்க வேண்டியிருந்தால், தண்ணீரின் விளிம்பில் ஒரு முளையை ஆழமாக அடித்துக் கயிற்றை அதில் மாட்டிவிட்டு ஓடிப்போய் வாருங்கள். அந்தக் கரையில் மற்ற படகோட்டிகளும் பட்டம் பிடித்து அலைச்சறுக்கு செய்பவர்களும் இருப்பார்கள். டாலியை மேலே இழுத்துவிடச் சொல்லிக் கேட்டால் எவரும் மறுப்பதில்லை, கேட்பதில் தயங்க ஒன்றும் இல்லை.

வடக்குக் காற்றில் இறக்குவது மிக எளிது. படகின் பின்பக்கம் முதலில் தண்ணீருக்குள் போகும், டாலியின் கைப்பிடி கரைப்பக்கம் இருக்கும், படகு மிதந்ததும் தானாகவே டாலியை விட்டு விலகிக் கயிற்றின் நுனியில் அமைதியாக நிற்கும். அந்த எளிமைதான் ஆபத்து. கரையை ஒட்டிய தண்ணீர் நிலத்தின் மறைவில் தட்டையாகத் தெரியும். வெளியே போகப் போகக் காற்று வலுக்கும், அலை உயரும், திரும்பி வரும் வழி முழுவதும் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து வர வேண்டியதாகிவிடும். அதோடு, ஒன்டாரியோ ஏரியில் வடக்குக் காற்று தொடர்ந்து வீசினால் மேல்நீர் வெளியே தள்ளப்பட்டு அடியிலுள்ள குளிர்நீர் கரையோரமாக மேலெழும். ஜூலையிலும் ஒரே நாளில் தண்ணீர் உறைய வைப்பதுபோல் ஆகிவிடலாம். லெஸ்லி தெரு நிலநீட்டு மறைவு கொடுக்கும் வெளித்துறைமுகத்துக்குள்ளேயே இருந்துகொள்ளுங்கள், அந்த நாளில் அதைத் தாண்ட வேண்டாம்.

கரையை நோக்கி வீசும் காற்றில் நிலைமை தலைகீழ். அணியம் ஏரியைப் பார்த்தபடி டாலியை உள்ளே கொண்டுபோக வேண்டும், மிதந்த படகு உங்களையும் டாலியையும் தாண்டிக் கரைக்கே திரும்பப் பார்க்கும். இடுப்பளவு தண்ணீர்வரை படகை நடத்திச் சென்று, காற்று வரும் பக்கத்தில் நின்று, டாகர்போர்டில் மூன்றில் ஒரு பங்கை இறக்கி, சுக்கான் இலையைத் தரை அனுமதிக்கும் அளவுக்கு இறக்கி, அணியத்தைக் காற்றிலிருந்து ஐம்பது அறுபது பாகை விலக்கி, ஒரே தள்ளில் ஏறி உடனே பாயை இழுக்க வேண்டும். இங்கே பலரும் காற்றுக்கு மிக நெருக்கமாகப் போகப் பார்க்கிறார்கள். அப்போது படகுக்கு வேகமே வராது, வேகம் இல்லாவிட்டால் சுக்கானுக்குப் பிடிப்பில்லை, பக்கவாட்டில் வழுக்கிக் கரைக்கே வந்துவிடும். கொஞ்சம் விலக்கி வேகம் எடுத்து, ஆழம் கிடைத்ததும் பலகையை முழுவதும் இறக்கி, பிறகு காற்றை நெருங்குங்கள். பலகை பாதி தூக்கியிருக்கும்போது திரும்ப முயன்றால் பூம் அதில் இடிக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்த முறையை உதவிக்கு ஒருவர் இருக்கும் நாளில் முதலில் பழகுங்கள்.

காற்றின் அளவைப் பற்றி: முதல் பருவத்தில் 5 முதல் 10 நாட்ஸ் போதும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ. வேகம்). காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது என்பதால், 14 நாட்ஸ் காற்று 10 நாட்ஸ் காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தும். எண்ணில் நான்குதான் கூடியிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ரேடியல் பாய், இப்போது ஐ.எல்.சி.ஏ. 6 என்கிறார்கள், பரப்பு 5.76 சதுர மீட்டர். பெரிய பாயின் 7.06 சதுர மீட்டரோடு ஒப்பிட்டால் உங்களுக்கு அதுவே பொருத்தம்.

சென்னைத் துறைமுகம் எழுதியது:

அம்மாவுக்கு வணக்கம். முன்னவர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: காலையில் படகை இறக்கிய காற்றிலேயே மாலையில் திரும்புவீர்கள் என்று எண்ண வேண்டாம். சென்னையில் நாங்கள் துறைமுகத்தின் உள்ளே ஓட்டிப் பழகுபவர்கள். காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்று வரும், நண்பகலை ஒட்டி அது ஓய்ந்து, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். பெரிய ஏரிக்கரையிலும் வெயில் நாளில் இதே இயக்கம்தான். நிலம் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்பியதும் ஏரிக்காற்று உள்ளே வரும். ஆகவே கரையிலிருந்து வீசும் காற்றில் மிக எளிதாக இறங்கியவர், பிற்பகலில் கரையை நோக்கி வீசும் காற்றில் அலையோடு திரும்ப நேரிடும். இரண்டு வகைக் கரையேற்றத்தையும் கற்ற பிறகே அரைநாள் பயணம்.

தனியாக ஓட்டுபவர் முதலில் கற்க வேண்டியது நிறுத்துவதைத்தான் என்பேன். காற்று பக்கவாட்டிலிருந்து சற்று முன்னே இருக்கும்படி படகை வைத்து, பாயை முழுவதும் தளர்த்திவிட்டால், படகு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தபடி நிற்கும். மூச்சு வாங்கவும், சிக்கிய கயிற்றை அவிழ்க்கவும், தண்ணீர் குடிக்கவும் அந்த நிலை உதவும். காற்றை நேராக முகத்தில் வாங்கிப் படகு அசையாமல் சிக்கிக்கொண்டால், பூமையும் சுக்கானின் கைப்பிடியான டில்லரையும் ஒரே பக்கம் உங்களிடமிருந்து தள்ளுங்கள். படகு பின்னோக்கிச் சென்று அணியம் ஒரு பக்கம் விழும், பிறகு இரண்டையும் உங்கள் பக்கம் இழுத்தால் ஓட்டம் பிடித்துவிடும்.

ஜைப் செய்யும்போது, அதாவது பின்காற்றில் படகைத் திருப்பிப் பாயை மறுபக்கம் மாற்றும்போது, லேசரில் மெயின்ஷீட் படகின் பின்மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். கவிழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பூம் நடுவைக் கடக்கும் கணத்தில் கயிற்றைப் பட்டென்று ஒரு முறை இழுத்தால், தொங்கும் வளைவு மேலெழும்பி மூலையைத் தாண்டிவிடும். காற்று கூடுதலாக இருக்கும் நாளில் ஜைப்பே வேண்டாம், அணியத்தைக் காற்றின் ஊடாகத் திருப்பி டாக் செய்தே சுற்றிக்கொள்ளலாம். நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கவிழ்வது லேசரில் அன்றாட நிகழ்வு, அதைப் பழகாமல் தனியாகப் போகக் கூடாது. படகு சாயும்போதே மேற்பக்க விளிம்பைத் தாண்டிக் கால் வைத்து டாகர்போர்டில் நிற்க முடிந்தால் நனையாமலே நிமிர்த்திவிடலாம். தண்ணீரில் விழுந்துவிட்டால் பூமையோ பாயையோ பற்றிக்கொள்ள வேண்டாம், உங்கள் எடை படகை முழுவதும் தலைகீழாக்கிவிடும். மெயின்ஷீட்டைக் கையில் வைத்தபடி சுற்றி நீந்தி அடிப்பக்கம் வந்து, கயிறு எங்கும் பூட்டியிருக்கவில்லை என்பதை உறுதிசெய்து, டாகர்போர்டில் படகின் உடலை ஒட்டிய இடத்தில் எடையைக் கொடுங்கள். பலகையின் நுனியில் ஏறினால் அது முறியக்கூடும். பாய்மரம் காற்று வரும் பக்கம் கிடந்தால், நிமிரும் பாயைக் காற்று பிடித்து உங்கள் பக்கமே சாய்த்துவிடும். அணியம் காற்றின் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து நிமிர்த்துவது நல்லது. நிமிர்த்துவதைவிட ஏறுவதே பலருக்குக் கடினம். விளிம்பைப் பிடித்து, கால்களை உதைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, வயிற்றால் வழுக்கிக்கொண்டு உள்ளே செல்வதுபோல் ஏறுங்கள். உங்களால் எத்தனை முறை தொடர்ந்து ஏற முடிகிறது என்பதை நீர் வெதுவெதுப்பாக உள்ள நாளில், ஆழம் குறைந்த இடத்தில், கரையில் ஒருவரை நிறுத்திவைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். களைத்துப் போனாலும் படகை விட்டுக் கரைக்கு நீந்த முயல வேண்டாம். தேடி வருபவர்கள் கண்ணில் முதலில் படுவது படகுதான்.

நம்பிக்கைக்காக ஒரு செய்தி: சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் ஓட்டியது நீங்கள் வாங்கியிருக்கும் இதே ரேடியல் வகைதான்.

வடமராட்சியான் எழுதியது:

தங்கச்சி, நான் வடமராட்சிக் கரையில் வளர்ந்து, பின்னாளில் இங்கே வந்து சிறு படகு ஓட்டுபவன். எங்கள் ஊரில் கடல் வடக்கே. வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், சோளகம் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். டொராண்டோவில் தண்ணீர் தெற்கே இருப்பதால் எல்லாம் மாறிவிடுகிறது; வாடைதான் இங்கே உங்களை வெளியே கொண்டுபோகும் காற்று. வடகரையில் வளர்ந்தவர்கள் உள்ளுணர்வை அப்படியே நம்பிவிடாமல், ஒவ்வொரு முறையும் கரையில் நின்று திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்ல வந்தது கரைக்கு வரும்போது எந்தப் பக்கம் இறங்குவது என்பதைப் பற்றி. அலை இருக்கும் நாளில் படகுக்கும் கரைக்கும் இடையில் ஒருபோதும் இறங்காதீர்கள். தண்ணீர் முழங்காலளவுதானே என்று தோன்றும், ஆனால் அடுத்த அலை அந்தப் படகை முழு எடையோடு உங்கள் முழங்காலில் கொண்டுவந்து மோதும். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் அந்த எடை பல மடங்கு. எப்போதும் ஏரிப்பக்கமாக, அலை வரும் பக்கமாக இறங்கி, நேரே அணியத்துக்குப் போய், அதை அலைக்கு எதிராகத் திருப்பிப் பிடியுங்கள். அணியம் அலையைப் பார்த்திருந்தால் படகு ஏறி இறங்கும்; பக்கவாட்டில் கிடந்தால் உருளும். இறங்கும் முன் ஆழத்தை அறியத் துடுப்பையாவது டாகர்போர்டையாவது இறக்கிப் பாருங்கள், கண் மதிப்பை நம்ப வேண்டாம்.

வசந்தகாலத்துத் தண்ணீரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மே மாதத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஏரி மட்டும் குளிர்காலத்திலேயே இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் விழுந்தவருக்குச் சொல்லும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால்கள் பயனுள்ளபடி இயங்கப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். படகில் திரும்ப ஏறுவதற்கு உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பத்து நிமிடம்தான். ஆகவே வெயிலைப் பார்க்காமல் தண்ணீரின் குளிரைப் பார்த்து உடை அணியுங்கள்; குளிர்நீருக்கான உடையான வெட்சூட்டோ டிரைசூட்டோ இல்லாமல் ஜூன் கடைசிக்கு முன் தனியாகப் போவதை நான் ஏற்க மாட்டேன். லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் போட்டிருக்க வேண்டும், படகில் கட்டி வைத்திருந்தால் பயனில்லை.

ஸ்கார்பரோ வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒரே ஒரு ஐயம். நான் பயின்ற படகில் கரையை நெருங்கும்போது பெரிய பாயை இறக்கிவிட்டு மெதுவாக வருவோம். லேசரில் பாய் மரத்தின் மேல் உறைபோல் மாட்டியிருக்கிறது, இறக்கக் கயிறே இல்லை. கரையை நோக்கிக் காற்று வலுத்துவிட்டால், முழுப் பாயோடு வேகமாக மணலில் மோதுவதைத் தவிர வழி என்ன? அப்புறம் டாலியை எடுக்க எப்படிப் போவது?

வெளித்துறைமுகத்தான் எழுதியது:

அக்கா, இரண்டு வழிகள் இருக்கின்றன. காற்று மிதமாக இருந்தால், கரைக்கு இணையாக, இடுப்பளவு ஆழம் இருக்கும் தூரத்தில் வந்து, டாகர்போர்டைப் பாதி தூக்கி, வாங்கைத் தளர்த்தி, அணியத்தை ஏரியைப் பார்க்கத் திருப்புங்கள். படகு காற்றை முகத்தில் வாங்கி நின்றுவிடும். அந்த நொடியில் ஏரிப்பக்கமாக இறங்கி அணியத்தைப் பிடித்துக்கொண்டால் பாய் படபடத்துக்கொண்டு சும்மா கிடக்கும். திரும்பும் இடத்தை முன்கூட்டியே கணிக்கப் பழகுவதுதான் இதில் உள்ள வேலை. ஆழமான இடத்தில் ஒரு மிதவையைக் கரையாகப் பாவித்து, அதன் அருகில் நின்று காட்டும்வரை பழகுங்கள்.

காற்று வலுத்திருந்தால் லேசரின் ஒரு தனிப்பண்பு கைகொடுக்கும். அதன் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எவையும் இல்லாததால், மரம் தன் குழியில் தாராளமாகச் சுழலும். மெயின்ஷீட்டின் நுனி முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை முழுவதும் ஓடவிட்டால், பூம் முன்பக்கமாகச் சுழன்று பாய் அணியத்துக்கு முன்னால் கொடியாகப் பறக்கும். அதற்கு மேல் அது படகை இழுக்காது. வெற்று உடலோடு மெதுவாக மிதந்து கரைக்கு வந்துவிடலாம். இதற்காகவே அந்த முடிச்சைக் கையால் எளிதில் அவிழ்க்கும்படி போடுங்கள். தலையைத் தாழ்த்திக்கொண்டு செய்யுங்கள், முதல் முறை மெல்லிய காற்றில் செய்து பாருங்கள். கரை அருகே வந்ததும் டாகர்போர்டை வெளியே எடுத்து, சுக்கான் இலையைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் தரை தட்டி முறியும்.

டாலிக்கு விடை நீங்கள் புறப்படும்போதே இருக்கிறது. நீர்விளிம்பை ஒட்டி, அலை எட்டாத இடத்தில், கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள். அருகில் அந்த முளையும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் முன்கயிற்றை முளையில் மாட்டி, டாலியைத் தண்ணீருக்குள் இறக்கி, அது படகின் அடியில் போகும்வரை ஆழமாகத் தள்ளி, அணியத்தை அதன் மேல் இழுத்துக் கட்டுங்கள். அலை தள்ளும் நாளில் டாலி ஏரிப்பக்கமாக இருந்தால் படகு அதன் மேல் ஏறாது, ஆகவே படகைச் சற்று வெளியே நடத்திச் சென்று கரையிலிருந்து டாலியைக் கொண்டுவருவதே எளிது. மேலே இழுப்பதற்கு முன் உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள். ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ.

சட்டப்படி, ஆறு மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகில் லைஃப் ஜாக்கெட், பதினைந்து மீட்டர் மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது நங்கூரம், நீர் இறைக்கும் கலம், ஒலியெழுப்ப ஒரு விசில் ஆகியவை இருக்க வேண்டும். மோட்டார் இல்லாததால் ஓட்டுநர் அட்டை தேவையில்லை. நீர்புகாத உறையில் கைபேசியை உடம்போடு கட்டிக்கொண்டு, எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த வாரம் சனிக்கிழமை காலை நான் செரி பீச்சில் இருப்பேன். மேற்குக் காற்றென்றால் உங்கள் படகைக் கொண்டுவாருங்கள், முதல் முறை டாலியை நான் பிடித்துக்கொள்கிறேன்.